தன்மை, முன்னிலை, படர்க்கை: விளையாட்டுப் பெட்டியும் வெளியாட்களும்

சிறுபத்திரிகையில் வீடியோ கேம் பற்றி என்ன பேச்சு என்று முகம் சுளிக்கப்போகிற நண்பர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். படைப்பாளி, பிரதி, வாசகன் என்ற மூன்று புள்ளிகளுக்குள்ளேயே நம் விமர்சனம் இத்தனை காலம் சுற்றிவந்தது. காகிதம் யாருடையது என்று நாம் கேட்டதில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை; எந்த அச்சகத்திலும் எந்த நாவலையும் அடிக்கலாம். டி.வி.யோடு செருகி விளையாடுகிற பெட்டியின் உலகம் வேறு. சோனி பெட்டிக்காக எழுதிய ஆட்டம் நின்டெண்டோ பெட்டியில் ஓடாது. பெட்டிக்காரன் ஒப்புக்கொள்ளாமல் அதில் ஓர் ஆட்டத்தை வெளியிடவும் முடியாது. காகிதத்துக்கே ஒரு முதலாளி இருக்கிறான். எழுதுகிறவனுக்கும் எழுதுபொருளை உடைமையாக வைத்திருப்பவனுக்கும் இடையிலான அதிகார உறவு இலக்கியத்தில் மூடுண்டு கிடக்கிறது. இங்கே நடுவீதியில் கிடக்கிறது. எனக்கு இந்தப் பெட்டிகள்மீது வந்த அக்கறை அதனால்தான்.

கணக்கு எளிது. பெட்டியைக் குறைந்த லாபத்துக்கோ நட்டத்துக்கோ விற்பார்கள். பிறகு அதில் ஓடுகிற ஒவ்வோர் ஆட்டத்தின் விற்பனையிலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். நம் ஊர்ச் சந்தைச் சுங்கம் போல. ஆகவே பெட்டிக்காரனுக்கு வெளியிலிருந்து வந்து ஆட்டம் எழுதுகிறவர்கள் வேண்டும். சில பெட்டிகளுக்கு அவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். சில பெட்டிகளுக்கு யாரும் வருவதில்லை, பெட்டி செத்துப்போகிறது. ஏன்?

வழக்கமாகச் சொல்லப்படும் விடை சந்தை விடைதான். பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு வந்தால்தான் வியாபாரி வருவான், வியாபாரி வந்தால்தான் மாடு வரும். பெட்டி விற்றால்தான் ஆட்டம் எழுதுவார்கள், ஆட்டம் இருந்தால்தான் பெட்டி விற்கும். பொய்யில்லை. ஆனால் இந்த விடை செத்த சந்தையைப் பார்த்து அது செத்துவிட்டது என்று சொல்வதற்கு மேல் போவதில்லை. நின்டெண்டோவின் வீ பெட்டி (2006) 10 கோடிக்கு மேல் விற்றது, கூட்டத்துக்குக் குறைவேயில்லை. ஆனாலும் அந்த வீட்டில் நிலைத்து நின்ற பெரிய வெளி ஆட்டங்கள் குறைவு. மாறாக, 1994 டிசம்பரில் ஜப்பானில் இறங்கிய சோனியின் பிளேஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பெட்டி விற்ற வரலாறுகூடக் கிடையாது. எழுதுகிறவர்கள் அங்கே போனார்கள். கூட்டம் மட்டும் காரணமென்றால் இந்த இரண்டையும் விளக்க முடியாது.

இந்தத் தொழிலின் கலைச்சொற்களைக் கவனியுங்கள். பெட்டிக்காரன் சொந்தமாக எழுதும் ஆட்டம் 'ஃபர்ஸ்ட் பார்ட்டி'. அவனோடு ஒப்பந்தம் போட்டு அவனுக்கு மட்டும் எழுதுகிறவனை 'செகண்ட் பார்ட்டி' என்பார்கள். வெளியாள் 'தேர்ட் பார்ட்டி'. தமிழ் படித்தவனுக்கு இதில் உடனே கேட்பது தன்மை, முன்னிலை, படர்க்கை. வெளியாள் எப்போதும் படர்க்கையில் இருக்கிறான். அவனைப் பற்றிப் பேசுவார்கள், அவனிடம் பேசமாட்டார்கள்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஒரு நுட்பமான வரையறை உண்டு. வருதல், தருதல் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதல், கொடுத்தல் இரண்டும் படர்க்கைக்கு உரியவை. என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், அவனிடம் சென்றான். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். இன்றைய தமிழ் இந்த வேலியைப் பெரும்பாலும் பிடுங்கிப் போட்டுவிட்டது. ஆனால் பெட்டிகளின் வரலாற்றைப் படிக்கும்போது பழைய இலக்கணம் அப்படியே உயிரோடிருப்பது தெரிகிறது. எவனைப் படர்க்கையில் நிறுத்தினார்களோ அவனுக்கு அவர்கள் ஏதேனும் 'கொடுத்திருப்பார்கள்', 'தந்திருக்க' மாட்டார்கள். அவனும் 'வந்திருக்க' மாட்டான்.

அட்டாரியிலிருந்து தொடங்குவோம். அந்தக் கம்பெனியின் பெட்டி 1977-இல் வந்தது. அதற்கு ஆட்டம் எழுதியவர்கள் கம்பெனியின் சம்பளக்காரர்கள். விற்பனை கோடிகளில் ஏறியது. ஆனால் உறைமேல் எழுதியவன் பெயர் கிடையாது, விற்பனையில் பங்கும் கிடையாது. டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி கப்லான் ஆகிய நால்வர் பெயரும் பங்கும் கேட்டார்கள். அப்போது அட்டாரியின் தலைமையில் இருந்தவர் ரே கசார், பர்லிங்டன் என்கிற பெரிய ஜவுளிக் கம்பெனியிலிருந்து வந்தவர். உங்களைப் போன்ற டவல் டிசைன்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் என்கிற தோரணையில் அவர் பேசியதாக அந்த அணியினர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். கரூரும் ஈரோடும் சென்னிமலையும் இருக்கிற நாட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கையில் சிரிப்பும் வருகிறது, கசப்பும் வருகிறது. சென்னிமலைப் பெட்ஷீட்டில் கட்டம் போட்டவன் பெயரை யார் கேட்டிருக்கிறோம்? நால்வரும் வெளியேறி 1979-இல் ஆக்டிவிஷன் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். இந்தத் தொழிலின் முதல் வெளியாட்கள் இவர்கள்தான். கையேட்டில் எழுதியவன் பெயரும் படமும் போட்டார்கள். ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பாரிஸில் ரோலண்ட் பார்த் அறிவித்துப் பத்தாண்டு ஆகியிருந்தது. தமிழில் நமக்கு முந்தைய தலைமுறை அதை அறிவிக்க இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. இடையில் கலிபோர்னியாவில் நாலு பேர் 'ஆசிரியன் இன்னும் பிறக்கவேயில்லைங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியனின் மரணம் என்பது ஏற்கெனவே பெயர் அச்சானவர்களின் பிரச்சினை என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

ஆக, வெளியாள் வெளியிலிருந்து வந்தவனல்லன். உள்ளே இருந்து, பெயர் மறுக்கப்பட்டு வெளியேறியவன். அட்டாரி வழக்குப் போட்டது, 1982-இல் பங்குத்தொகை என்று சமரசமாயிற்று. அதன்பின் கண்டவரெல்லாம் கேசட் அடித்துத் தள்ள, 1983-இல் அமெரிக்கச் சந்தை குப்புற விழுந்தது.

அந்த விழுக்காட்டிலிருந்து நின்டெண்டோ எடுத்துக்கொண்ட பாடம் கதவுக்குப் பூட்டு. பெட்டிக்குள் ஒரு சில்லு, கேசட்டுக்குள் அதன் ஜோடிச் சில்லு. இரண்டும் பேசிக்கொண்டால்தான் ஆட்டம் ஓடும். வெளியாளுக்கு ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்கள்தான். எழுதிய ஆட்டத்தை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு பெட்டிக்குக் கொண்டுபோகக்கூடாது. கேசட்டை நின்டெண்டோவே செய்யும், குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு முன்பணம் கட்டவேண்டும். கொனாமி கம்பெனி இந்த ஐந்து என்ற வரம்பைத் தாண்ட அல்ட்ரா என்று இன்னொரு பெயரில் கடை விரித்தது. கொடுங்கோல் ஆட்சிதான், ஆனாலும் வெளியாட்கள் வரிசையில் நின்றார்கள். இது என் வாதத்துக்கு எதிரான சாட்சி போலத் தெரியும். இல்லை. விதி கடுமையாக இருந்தது. ஆனால் எழுதிவைத்த விதியாக இருந்தது, சந்தையில் போட்டிக்கு ஆளும் இல்லை. வேறு போக்கிடம் இல்லாதவன் வந்து நிற்பதை வருகை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. போக்கிடம் கிடைத்த அன்று என்ன நடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1996-இல் நின்டெண்டோ 64 பெட்டியை இறக்கியபோதும் கேசட்டையே கட்டிக்கொண்டு அழுதார்கள். சோனி அதற்குள் சி.டி.க்குப் போய்விட்டது. சி.டி. அடிக்க ஆகும் செலவு அற்பம். விற்கிற வேகம் பார்த்துச் சில நாட்களில் மறுபடி அடித்துக்கொள்ளலாம். கேசட்டுக்கு வாரக்கணக்கில் முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லிப் பணம் கட்டவேண்டும். விற்காமல் தேங்கினால் நட்டம் எழுதியவனுக்கு. எங்கள் சோமனூர், பல்லடம் பக்கத்து மொழியில் சொன்னால்: தறி என்னுடையது, நூலையும் என்னிடமே வாங்கு, துணி தேங்கினால் உன் பாடு. ஸ்கொயர் கம்பெனி அதுவரை நின்டெண்டோ வீட்டுப் பிள்ளை. அதனுடைய ஃபைனல் ஃபேன்டஸி VII 1997-இல் மூன்று சி.டி.க்களில் சோனி பெட்டிக்கு வந்தது. அதை வெறும் கொள்ளளவுப் பிரச்சினை என்று சொல்பவர்கள் உண்டு. கொள்ளளவு உண்மைதான். ஆனால் நட்டத்தை யார் தோளில் வைப்பது என்கிற கேள்வியை அந்தக் கொள்ளளவு மறைத்துவிடுகிறது. நின்டெண்டோவோடு ஏற்கெனவே மனக்கசப்பில் இருந்த நாம்கோ, பிளேஸ்டேஷன் இறங்கிய நாளிலேயே ரிட்ஜ் ரேசர் ஆட்டத்தோடு சோனி பக்கம் நின்றதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

சேகாவின் சாட்டர்ன் கதை இன்னும் துலக்கமானது. அதில் இரண்டு பிராசஸர்கள். இரண்டையும் ஒத்திசைத்து எழுதுவது பெரும்பாடு. எல்லோரும் இந்தத் தொழில்நுட்பச் சிக்கலைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 1995 மே மாதம். அமெரிக்காவில் செப்டம்பர் 2 அன்று பெட்டி வரும் என்று சேகா அறிவித்திருந்தது. வெளியாட்கள் அந்த நாளை நம்பி ஆட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சி மேடையில் சேகா திடீரென்று, பெட்டி இன்றே கடைக்கு வந்துவிட்டது, விலை 399 டாலர் என்றது. சோனியை முந்திக்கொள்கிற ஆத்திரம். கடையில் பெட்டி இருந்தது. வெளியாட்களின் ஆட்டம் ஒன்றும் இல்லை, அவர்களுக்கு இன்னும் நாலு மாத வேலை பாக்கி. அலமாரி முழுக்கச் சேகாவின் சொந்தச் சரக்கு. சரக்குக் கிடைக்காத கடைக்காரர்களும் கோபித்துக்கொண்டார்கள். அதே கண்காட்சியில் சோனிக்காரர் மேடையேறி 299 என்று ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். விலை வித்தியாசம் வாங்குகிறவனுக்கு. எழுதுகிறவனுக்குக் கிடைத்த செய்தி வேறு: இந்த வீட்டில் நாள் குறித்தால் அது நமக்குச் சொல்லாமல் மாறும்.

வாக்கு என்று இதைச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். ஏதோ பண்ணையத்து நீதிக்கதை வாடை அடிக்கிறது. ஆனால் வேறு சொல் அகப்படவில்லை. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெய்கிற விசைத்தறிக்காரர்கள் 2022-லும் 2025-லும் வாரக்கணக்கில் தறியை நிறுத்தினார்கள். கூலி குறைவு என்பது பாதிதான். பேசி முடித்த கூலி கைக்கு வருவதில்லை என்பதுதான் அவர்கள் திரும்பத்திரும்பச் சொன்னது. கூலி குறைவாக இருந்தாலும் தறி ஓடும். கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று தெரிந்தபின் எந்த எண்ணைச் சொன்னாலும் அது காதில் ஏறாது.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். அட்டாரியின் ஜாகுவார் (1993) 64 பிட் என்று மார்தட்டியது. எழுதுகிறவன் கையில் கொடுத்த கருவிகளும் கையேடுகளும் அரைகுறை. 2011-இல் நின்டெண்டோ மேடையில் நின்று எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தலைவர் வீ யூ பெட்டியோடு இதுவரை காணாத கூட்டு என்று முழங்கினார்; விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களோடு அந்தக் கூட்டு முடிந்தது. பெட்டி மொத்தம் விற்றது 1 கோடியே 35 லட்சம் சொச்சம். அந்த வீட்டின் சங்கடம் பழையது: வீட்டுக்காரனின் மாரியோவும் செல்டாவும் அவ்வளவு நன்றாக இருக்கும், விருந்தாளி கொண்டுவந்த பலகாரத்தைத் தொடுவார் இல்லை.

கோயம்புத்தூர்க்காரனுக்கு இந்தக் கதையொன்றும் புதுசில்லை. சினிமா ஸ்டுடியோ என்பதும் ஒரு பெட்டிதான். தளம், காமிரா, ஒலிப்பதிவு எல்லாம் ஒருவனுடையது. படம் இன்னொருவன் வந்து எடுக்கவேண்டும். சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்தது. ஜூபிடர் பிக்சர்ஸ் அங்கே வந்து படமெடுத்தார்கள். 1947-இல் 'ராஜகுமாரி' அங்கிருந்துதான் வந்தது, எம்.ஜி.ஆர். கதாநாயகன், வசனத்தில் மு. கருணாநிதி. பிறகு ஜூபிடர் சென்னைக்குப் போய்விட்டது. நடிகர், வாத்தியக்காரர், விநியோகஸ்தர் எல்லாம் அங்கே கூடிவிட்டார்கள் என்பார்கள், சரிதான். பட்சிராஜா வேறு வகை. ஸ்ரீராமுலு நாயுடு ஸ்டுடியோவுக்கும் முதலாளி, டைரக்டரும் அவரே. 1954-இல் 'மலைக்கள்ளன்' எடுத்து அதையே தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று ஆறு மொழிகளில் கொண்டுபோனார். அபாரமான சாதனை. நின்டெண்டோ வகைச் சாதனை. தன்மையிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. அவரும் பின்னால் பெங்களூருக்குப் போனார். வீட்டுக்காரன் கைவேலையால் மட்டும் நிற்கிற வீடு, வீட்டுக்காரன் கிளம்பியதும் வெறும் கட்டடம். கோவையில் ஸ்டுடியோக்கள் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு ஊரில் ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். ஜூபிடரை அனுப்பிவிட்ட அன்று என்ன பேச்சு நடந்தது என்பதைத் தேடிப்போக யாருக்கும் நேரமில்லை.

அப்படியானால் கதவைத் திறந்து வைத்தால் போதுமே என்று கேட்கலாம். பூட்டு இல்லை, அனுமதி இல்லை, யார் வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று சொன்ன பெட்டியும் உண்டு. 2012-இல் பொதுமக்களிடம் 85 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி 2013-இல் வந்த ஊயா. இரண்டே ஆண்டில் முடிந்தது. நம் நாட்டிலேயே அதற்கு ஒரு மூத்த உறவு இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் ஒரு மென்பொருள் கம்பெனியும் சேர்ந்து 2001-இல் காட்டிய சிம்ப்யூட்டர். கையடக்கக் கணினி, லினக்ஸ், தொடுதிரை, எழுத்தறியாதவருக்காகப் பேசவும் செய்யும். வடிவமைப்பையே உரிமத்தோடு பொதுவில் வைத்தார்கள். 2004-இல் 'அமிடா' என்ற பெயரில் கடைக்கு வந்து சில ஆயிரங்களோடு நின்றது. அதற்கென்று எழுத வெளியிலிருந்து ஒரு கூட்டம் திரளவில்லை. இந்தத் தோல்வியைக் கேலி செய்வோர் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். அந்தப் பெட்டி கேட்ட கேள்வி பெரிது. ஆனால் திறந்த கதவு அழைப்பாகிவிடாது. 'யார் வேண்டுமானாலும்' என்பதும் படர்க்கைதான். முன்னிலையில் அழைக்க ஆளைத் தெரிந்திருக்கவேண்டும். இன்ன ஊரில் இன்னார், இன்ன மொழியில் எழுதுவார், ஆறு மாதம் சோறு வேண்டும், எழுதி முடித்தால் வாங்க இத்தனை பேர் என்று.

அந்த 'இத்தனை பேர்' என்ற எண்ணில்தான் நாம் வருகிறோம். வருகிறோம் என்பதைவிட, வராமல் போகிறோம். தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்குப் பின்னும் இந்த மாவட்டத்துச் சிறுநகரங்களில் 'டி.வி. கேம்' என்று நாங்கள் விளையாடியதெல்லாம் நின்டெண்டோ பெட்டியின் நகல்கள். மாரியோவும் கான்ட்ராவும் சேர்த்து 9999 ஆட்டம் என்று மேலே அச்சடித்த மஞ்சள் கேசட். உள்ளே பத்திருபது ஆட்டம் வேறுவேறு பெயரில் சுற்றிச்சுற்றி வரும். கடையில் மணிக்கணக்குக்கு வாடகை. கான்ட்ராவை எழுதியது கொனாமி என்று யாருக்கும் தெரியாது. பல கேசட்டில் அந்தப் பெயரையே அழித்திருந்தார்கள். இதை வெறும் திருட்டு என்று ஒழுக்கவாதம் பேச எனக்கு விருப்பமில்லை. அந்த நகல் இல்லையென்றால் எங்களுக்கு எதுவுமில்லை. ஆனால் அதன் விலை என்ன என்று பார்க்கவேண்டும். நாங்கள் லட்சக்கணக்கில் விளையாடினோம், எந்தப் பேரேட்டிலும் ஒரு ஆளாகக்கூடப் பதிவாகவில்லை. பெட்டிக்காரன் கணக்கில் இந்த மண்ணில் விளையாடுகிறவனே கிடையாது. விளையாடுகிறவன் இல்லாத மண்ணில் எழுதுகிறவனை எதற்குத் தேடுவான்? தமிழில் ஏன் ஆட்டம் வரவில்லை என்று மேடையில் கேட்கிறவர்கள் நம் பையன்களின் சோம்பலையும் ஆங்கில மோகத்தையும் திட்டித் தீர்க்கிறார்கள். அதற்கு முன்னால் இந்தப் பேரேட்டைப் பார்க்கவேண்டும்.

இந்தியாவுக்கு அழைப்பு வந்தபோது அது கொல்லைப்புற வழியாக வந்தது. இந்தியாவிலேயே எழுதிய முதல் கன்சோல் ஆட்டம் என்று 2009-இல் 'ஹனுமான்: பாய் வாரியர்' வந்தது, ஐதராபாத் அரோனா கம்பெனி எழுதியது, பிளேஸ்டேஷன் 2-க்கு. அந்தப் பெட்டி பிறந்தது 2000-இல். அடுத்த பெட்டி 2006-லேயே வந்துவிட்டது. அதாவது வீட்டுக்காரன் புதுவீடு குடிபோய் மூன்று ஆண்டுக்குப் பின் பழைய வீட்டுத் திண்ணை நமக்கு. ஆட்டமும் சுமார்தான், மறைக்கவேண்டியதில்லை. கடவுளைப் பொம்மையாக்கி ஆட்டுவிக்கலாமா என்று வெளிநாட்டு இந்து அமைப்பு ஒன்று கண்டித்து, அந்தக் கூச்சலில் ஆட்டத்தின் தரம் பற்றிய பேச்சே எழவில்லை. நம் ஊரில் விமர்சனம் சாகிற வழிகளில் அது ஒன்று.

இதற்கிடையில் இன்னொரு ஏற்பாடு சத்தமில்லாமல் வளர்ந்தது. பெங்களூரில் 1997-இல் தொடங்கிய த்ருவா கம்பெனி, வெளிநாட்டு ஆட்டங்களுக்குக் காரும் கட்டடமும் வரைந்துகொடுத்துப் பெரிதானது; 2019-இல் ராக்ஸ்டார் அதை வாங்கிக்கொண்டது. ஜாப் ஒர்க். நமக்குத் தெரிந்த சொல், நமக்குத் தெரிந்த வாழ்க்கை. திருப்பூர்ப் பனியனில் யார் லேபிள் இருக்கும் என்று கேட்கத் தேவையில்லை. வேலைக்குக் கைகள் வேண்டும் என்கிறபோது நாம் முன்னிலையில் அழைக்கப்படுகிறோம். ஆட்டம் நம்முடையது என்கிறபோது படர்க்கைக்குத் தள்ளப்படுகிறோம். 1979-இல் அந்த நாலு பேர் வெளியேறிய அதே டவல் டிசைன் அறைதான், கடல் கடந்து வந்திருக்கிறது.

தமிழ் வீட்டுக் கதை ஒன்று நிஜமாகவே எல்லாப் பெட்டிகளிலும் ஏறியது 2023 ஜூலை 31 அன்று. 'வெண்பா'. கனடாவுக்குக் குடிபோன தமிழ்த் தாய், அவள் கணவன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு நைந்துபோய் வரிகள் அழிந்திருக்கின்றன. அழிந்த இடத்தை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். எழுதியவர்கள் டொராண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ். விசை என்றால் எங்களுக்குத் தறிதான் நினைவுக்கு வரும். நின்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் மூன்றும் அதை ஏற்றுக்கொண்டன. 2024-இல் பாஃப்டா முதல் படைப்புக்கான விருதும் வந்தது. நல்ல ஆட்டம், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவது மட்டும் ஏமாற்றம். மகன் தமிழில் பேச மறுக்கும் இடத்தைக் கையாள்வதில் உள்ள நுட்பம், நம் புலம்பெயர் சிறுகதைகள் பலவற்றில் இல்லை.

அவர்கள் டொராண்டோவில் இருந்ததால் அழைக்கப்பட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அது அவர்கள் உழைப்பைக் கொச்சைப்படுத்துவது. ஆனால் அங்கே பெட்டிக்காரனின் விலாசம் தெரியும், பழகிய வேறு எழுதுகிறவர்கள் பக்கத்தில் இருப்பார்கள், வாங்குகிறவன் பேரேட்டில் இருப்பான். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும் என்பதில்தான் அந்த ஆட்டம் தொடங்குகிறது. பீளமேட்டிலோ அன்னூரிலோ அதைச் சொல்லித்தர வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். அவர்களுக்கு எழுதுகருவியை அனுப்பிவைக்க எந்தப் பெட்டிக்காரனிடமும் இன்றுவரை ஒரு விலாசம் கிடையாது.